கவ்ரிலின் நகரும் குடில்கள்

கவ்ரில் மாயிஸுக்கு ஆறு லட்சம் ரூபிள் கடன்பட்டிருந்தான். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் ஹாத்திங் ஊரில் அது தெரியாத வீடு கிடையாது. அதைவிட உறுதியான பத்திரம் எந்த வங்கியிலும் எழுத மாட்டார்கள்.

அந்தப் பணம் முன்பு ஆறு பெண்குதிரைகளாக இருந்தது. மாயிஸின் புருஷன் செத்தபோது அவளுக்கென்று மிஞ்சியவை அவைதான். வசந்தத்தில் குட்டி, கோடையில் பால், குளிர் தொடங்கும்போது குட்டிகளின் இறைச்சி என்று அவள் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனும் கவ்ரிலும் தங்கச் சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் ஒன்றாக வெல்டிங் செய்தவர்கள். அந்த உறவை வைத்துத்தான் கவ்ரில் போய்க் கேட்டான். இரண்டு நாள் அவனை அலையவிட்டு, மூன்றாம் நாள் குதிரைகளை விற்றுப் பணத்தை மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, உனக்கு நான் பணம் தரல. குதிரைங்களைத்தான் தர்றேன், காயிதமா மாத்தி. மே மாசம் குட்டி போடற நேரத்துல அது மறுபடி குதிரையாயிடணும்."

"ஆயிடும்க்கா. அதுக்கு முன்னாடியே குட்டியோட வந்து நிக்கும்."

"குட்டி போடறது குதிரை வேலை. உன் வேலை எண்ணி வைக்கறது."

எண்ணி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. கவ்ரிலுக்கே தெரியும். குதிரையில்லாமல் அவளால் ஹாத்திங்கில் இன்னொரு குளிர்காலம் தள்ள முடியாது. யாக்குத்ஸ்க் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அஞ்சாவது மாடி, சமையலறை மூலையில் மடக்குக் கட்டில், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மருமகன். ஒரு தடவை போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, திரும்பி வந்த அன்றைக்குத் தொழுவத்திலேயே படுத்துத் தூங்கியவள் அவள்.

கவ்ரில் பால்காரியின் மகன். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை அடுப்பில் போட்டவன். சுரங்கம் மூடி ஊரே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில், பாழாய்க் கிடந்த கொட்டகைகளைப் பிரித்துக் குளியலறை கட்டினான், வண்டிக் கொட்டகை கட்டினான், சறுக்குவண்டி செய்தான். யாரிடமும் போய்த் தொழில் கற்கவில்லை. எங்கள் குளிர் கற்றுக்கொடுத்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி போகும் ஊரில் கட்டியது நின்றால் நீ கட்டடக்காரன், நிற்காவிட்டால் பிணம். இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆனவர்கள் நாங்கள். கொஞ்சம் மார்தட்டிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. கவ்ரில் கொஞ்சம் கூடுதலாகவே தட்டிக்கொள்வான்.

எர்ஹான் என்ற இளைஞன் நகரத்துச் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து வந்தது ஒரு கோடையில். குளிர்கால வானத்தின் பச்சை ஒளியைப் பார்க்கத் தூரதேசத்து ஆட்கள் காசு கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள், தங்க இடம் வேண்டும் என்றான். கரையெல்லாம் காப்புக்காடு. அங்கே ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக் கூடாது. ஆற்றின்மேல் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்கு அந்தச் சட்டம் இல்லை. குடில்களை நவம்பரில் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, மார்ச் கடைசியில் முழுசாக இழுத்து வந்துவிட வேண்டும். ஆறு உடையும்போது மனிதன் அங்கே இருந்த தடம் ஒன்றும் மிஞ்சக் கூடாது. விறகும் குறைவாக எரிய வேண்டும். ஐந்து குடில்கள். முன்பணம் கொஞ்சம். மீதி ஒன்பது லட்சம், குடில்கள் கரையேறிய பிறகு.

முன்பணம் இரும்புக்கே போதவில்லை. மாயிஸின் குதிரைகள் பலகையாகவும் கம்பளியாகவும் மூன்றடுக்குக் கண்ணாடியாகவும் மாறின.

வரைபடம் நகரத்து எஞ்சினியர் பெண் ஒருத்தி போட்டது. கவ்ரில் அதைத் தரையில் விரித்துவைத்து முட்டிபோட்டுப் பார்த்தான். பல இடங்களில் மாற்றினான். சுவர்ப் பலகைகளை இரும்புத் திருகாணியால் இணைக்கச் சொல்லியிருந்தது.

"இரும்பு வெளியிலேர்ந்து உள்ள வந்தா குளிரும் கூடவே வரும். காலையில ஆணித்தலை ஒவ்வொண்ணும் வெள்ளைக் குல்லா போட்டுட்டு நிக்கும்," என்று எர்ஹானிடம் சொன்னான். "நான் லார்ச் மரத்துல முளை செதுக்கி அடிக்கிறேன். கழட்டணும்னா ரெண்டு தட்டு தட்டு, சுவர் கையோட வரும்."

எஞ்சினியர் பெண் தொலைபேசியில் அதைக் கேட்டு, நல்லது, அப்படியே செய்யுங்கள் என்றாள். சுவருக்குள் கம்பளிக்கும் கம்பளிக்கும் நடுவே காய்ந்த பாசியை அடைத்தான். கதவைத் தாழ்வாக, குனிந்து நுழைகிற மாதிரி வைத்தான். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையே ஒரு ஆள் நிற்கிற இடம். அடுப்பைச் சுற்றிச் செங்கல் மதில், விறகு அணைந்தபிறகும் சூடு விடிய விடிய இருக்க. எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. தரைக்கும் ஆற்றுப் பனிக்கட்டிக்கும் நடுவே முழங்கால் உயரம் இடைவெளி வேண்டும், இரும்புச் சறுக்குக் கால்களின்மேல் குடில் தூக்கி நிற்க வேண்டும், கீழே காற்று ஓட வேண்டும்.

"காத்து ஓடினாத்தான் கீழே இருக்கிற ஐஸ் கெட்டியாகிட்டே போகும், கவ்ரில் ஐயா. அதை அடைக்காதீங்க."

"ஓடட்டும்மா. காத்துக்கு நான் காசா கேக்கறேன்."

நவம்பரில் ஐந்தையும் இழுத்துக்கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். டிராக்டர் மிச்சிலுடையது. மிச்சில் நாற்பது தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அண்ணே, நகர்ற வீடு கட்டிட்டே. பொண்டாட்டிகிட்டேர்ந்து ஓடிப்போக வசதியாப் போச்சு."

"உனக்கு ஓடவும் ஆளில்ல, துரத்தவும் ஆளில்ல. வண்டியைப் பாத்து ஓட்டு."

முதல் விருந்தாளிகள் வந்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள், குதிரை இறைச்சியைத் தின்றார்கள், சந்தோஷப்பட்டார்கள். ஒரு குறைதான் சொன்னார்கள்: கால் சில்லென்றிருக்கிறது. தரைக்கடியில் காற்று ஊதிக்கொண்டிருந்தால் சில்லென்று இல்லாமல் என்ன செய்யும். எர்ஹான் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது கவ்ரிலுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கட்டிய வீட்டில் குளிர் என்று ஒருவன் சொல்லிக் கேட்டது அவன் ஆயுசில் அதுதான் முதல்முறை.

எங்கள் பக்கத்தில் முதல் பெரும்பனி விழுந்ததும் எந்த வீட்டுக்காரனும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மண்வெட்டியை எடுத்துச் சுவரைச் சுற்றி ஜன்னல் வரைக்கும் பனியை அள்ளிப் போர்வைபோல அணைப்பான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்வது. அதற்கு யாரும் யோசிப்பதில்லை, கையே செய்யும். கவ்ரிலும் அவன் மனைவி அக்குலினாவும் மிச்சிலும் இன்னும் நாலு வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு ஆற்றுக்குப் போனார்கள். ஒரு பகல் பொழுதில் ஐந்து குடில்களையும் இடுப்பு உயரத்துக்குப் பனியால் சுற்றி அணைத்து, மேலே தட்டிக் கெட்டிப்படுத்தி, உள்ளே போய்த் தேநீர் குடித்தார்கள். மாயிஸும் வந்திருந்தாள். வெண்ணெய் தடவிய ரொட்டி கொண்டுவந்திருந்தாள். என் குதிரைகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

தரை சூடாயிற்று. விறகு பாதியாகக் குறைந்தது. எர்ஹான் வாயைப் பிளந்தான். கவ்ரில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையிலும் எண்ணெய் வாங்கும் வரிசையிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"பக்கத்து ஊருல ஒரு அறையைச் சூடு பண்ண ஆகிற விறகுல நான் என் அஞ்சு குடிலையும் வேர்க்க வைப்பேன்."

"அந்த எஞ்சினியரம்மா என்னமோ ஓட்டை விடச் சொன்னாங்களே அண்ணே," என்று மிச்சில் ஒருநாள் கேட்டான்.

"அவங்க பேப்பர்ல குளிர் காயறவங்க. விடு."

மார்ச் தொடக்கத்தில் கடைசி விருந்தாளிகளும் போனார்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் கவ்ரிலும் மிச்சிலும் டிராக்டரோடு ஆற்றில் இறங்கினார்கள். காலையில் இன்னும் மைனஸ் நாற்பதுக்குப் பக்கத்தில் குளிர். முதல் குடிலைச் சுற்றி அணைத்த பனியைக் கவ்ரில் வெட்டி எறிந்துகொண்டே வந்தான். பாதி ஆழத்துக்கு மேல் மண்வெட்டி இறங்கவில்லை. டங் என்று கண்ணாடியில் பட்டதுபோலச் சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் வெட்டினான். அங்கேயும் டங்.

அவன் முட்டிபோட்டுக் கையால் பனியைத் துடைத்தான். பச்சையும் நீலமுமாகப் பனிக்கட்டி. அதற்குள்ளே, கண்ணாடிக் குடுவைக்குள் இருப்பதுபோல, சறுக்குக் கால்கள் தெரிந்தன. குறுக்குச் சட்டங்களும் உள்ளே இருந்தன. தரைப் பலகையின் அடிவிளிம்பைப் பனிக்கட்டி தொட்டுக்கொண்டிருந்தது.

கவ்ரில் எழுந்திருக்கவில்லை. நடந்தது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டைச் சுற்றி அணைத்தால் அடியில் மண் இருக்கிறது. இங்கே அடியில் ஆறு. அள்ளிப்போட்ட பனி போர்வையாகி, கீழே பனிக்கட்டி கெட்டிப்படாமல் மெலிந்தே கிடந்திருக்கிறது. மேலே பனியின் பாரம் அழுத்த, கீழே நெருக்கப்பட்ட ஆற்றுநீர் விரிசல் வழியாக மேலே ஏறியிருக்கிறது. வெளியே தெரியாமல் பனிக்குள்ளேயே ஊறி, உறைந்து, மறுபடி ஊறி, மறுபடி உறைந்து. விருந்தாளிகள் வேர்க்க வேர்க்கத் தூங்கிய அத்தனை நாளும் அவர்கள் படுக்கைக்கடியில் இது நடந்திருக்கிறது.

"அஞ்சுமா?" என்றான் மிச்சில்.

"அஞ்சும்."

மிச்சில் எதுவும் கேலி பேசவில்லை. அதுவே கவ்ரிலுக்குப் பயமாக இருந்தது.

கடப்பாரை எடுத்துச் செதுக்கினார்கள். அக்குலினா வந்தாள், பனி அணைத்த மற்றவர்களும் வந்தார்கள். ஒரு காலைச் சுற்றிக் குழி பறித்து முடிக்குமுன் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. மறுநாள் காலை அது கல்லாகியிருந்தது. இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. செதுக்கியதை ஆறு திருப்பி வாங்கிக்கொண்டே இருந்தது. கவ்ரிலின் உள்ளங்கைத் தோல் உரிந்து, கையுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பொறுமை போய், "இழுத்துப் பாத்துடலாம்" என்றான். சங்கிலி மாட்டினார்கள். மிச்சில் டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து, முன்னே பாய்ச்சினான். குளிரில் இரும்பு கண்ணாடி மாதிரி. முதல் குடிலின் வலது சறுக்குக் கால் படார் என்று ஒடிந்தது. குடில் அசையவில்லை. அந்த அதிர்ச்சியில் டிராக்டரின் பின்சக்கரத்தடியில், பனி அணைத்து மெலிந்துபோன இடத்தில், பனிக்கட்டி உடைந்து உட்கார்ந்தது. மிச்சில் குதித்தான். முழங்கால்வரை தண்ணீர்.

அவனைச் சறுக்குவண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகும்போது கம்பளிக் காலணி மரக்கட்டையாகியிருந்தது. அதைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். இடதுகாலில் மூன்று விரல்கள் போயின. டிராக்டரைப் பிறகு ஆட்கள் சேர்ந்து மீட்டார்கள். விரல்களை மீட்க வழியில்லை.

கவ்ரில் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

"மூஞ்சியை அப்படி வெச்சுக்காதேண்ணே," என்றான் மிச்சில். "நானும்தானே பனி அள்ளிப் போட்டேன். என் கையையும் சேத்துத் திட்டு."

"நான்தானே கூப்பிட்டேன்."

"கூப்பிட்டதுக்கு ரொட்டி கெடச்சுது. நல்ல ரொட்டி." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "மாயிஸ் அக்காவுக்கு என்ன சொல்லப்போறே?"

கவ்ரில் போர்வையை அவன் கால்வரை இழுத்துவிட்டான்.

எர்ஹான் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தான். ஆற்றின்மேல் நின்று ஐந்தையும் பார்த்தான். அடியில் காற்றை அடைக்காதே என்று எஞ்சினியர் பெண் கேட்டுக்கொண்டதை எடுத்துச் சொல்லவா வேண்டாமா என்று அவன் முகம் தடுமாறியது. சொல்லவில்லை. அவன் நல்ல பையன்தான்.

"அண்ணே, கம்பெனி முழுக் குடிலுக்குத்தான் காசு தரும். தரையும் காலும் ஆத்தோட போச்சுன்னா, அதுல பாதி விலை போயிடுது. ஆத்துல விட்டுட்டுப் போற இரும்புக்கு அபராதம் வேற. நான் போட்ட விதி இல்லண்ணே."

"சுவரு வரும்," என்றான் கவ்ரில்.

சுவர் வந்தது. முளைகளை இரண்டிரண்டு தட்டாகத் தட்டினான், சொன்னபடியே கையோடு வந்தது. கம்பளி ஒரு துளி ஈரமில்லை, பாசி நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. நாலு குடில்களின் சுவரும் கூரையும் அடுப்பும் லாரியில் ஏறின. முதல் குடிலின் சுவர் இழுவையில் பிளந்திருந்ததால் கம்பெனிக்கு வேண்டாம் என்றான் எர்ஹான். கடைசியில் தரைகள் மட்டும் ஆற்றின்மேல் ஐந்து மேடைகள்போலக் கிடந்தன. அபராதம் போக இரண்டு லட்சம் ரூபிள் கையில் வந்தது.

அன்று கவ்ரில் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். சுற்றிச் சுற்றிச் சுவரைப் பார்த்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவனே வெட்டி, அவனே அடுக்கிய லார்ச் மரங்கள். அக்குலினா அவன் பார்வை போன வழியைப் பார்த்தாள்.

"கிழவா. என்ன கணக்குப் போடறேன்னு தெரியுது."

"மேல் ஊரு குதிரைக்காரன் வீடு தேடிட்டிருக்கான். எடுத்துட்டுப் போறதுக்கு. நாலு லட்சம் தருவான். பனிச்சாலை உருகறதுக்குள்ள ஏத்திடணும்னு நிக்கிறான்."

"நாம?"

"பிளந்த சுவரு ஒண்ணு இருக்கு. ஒட்டிடுவேன். ரெண்டு பேருக்கு அது போதும், கிழவி. விறகு பாதிதான் ஆகும்."

அக்குலினா எழுந்தாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள். மாயிஸிடம் போய்க் கொஞ்ச நாள் கேட்டால் அவள் கொடுப்பாள் என்று இருவருக்கும் தெரியும். இன்னொரு குளிர்காலத்துக்கு அவளிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

"அவ ஆறு குதிரையையும் ஒரே நாள்ல வித்தா," என்றாள் கடைசியில். "மரத்துக்கெல்லாம் நம்பர் சரியாப் போடு. அங்க போய் அடுக்கறவன் வாசலை வடக்கே வெச்சு நம்ம பேரைக் கெடுத்துடப் போறான்."

கரித்துண்டால் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டான். மேலிருந்து கீழாகப் பிரித்தார்கள். கடைசி நாள் காலையில் கூரையில்லாத வீட்டுக்குள் அக்குலினா அடுப்பு மூட்டி, நெருப்புக்கு வெண்ணெயும் ஒரு துண்டு ரொட்டியும் போட்டு, இடம் மாறுகிறோம், கோபித்துக்கொள்ளாதே, கூட வா என்று சொன்னாள். தணலை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு, கொல்லையில் கவ்ரில் நிறுத்திவைத்திருந்த குடிலுக்குக் கொண்டுபோனாள். குனிந்து நுழைந்தாள். உள்ளே அவர்கள் கட்டிலும் மேசையும் போட்டபிறகு ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டியிருந்தது. பிளவை ஒட்டிய இடத்தில் தார் நாறியது. குடிலைக் கவ்ரில் புதுத் தரை போட்டு, மரக்கட்டைகள்மேல் முழங்கால் உயரம் தூக்கித்தான் நிறுத்தியிருந்தான். அந்த வருஷமும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஊரே தன் சுவருக்குப் பனி அணைக்கும்போது அவன் மட்டும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. கால் சில்லென்று இருக்கும். அக்குலினா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மே மாதம் ஆறு உடைந்தது. ஊரே கரையில் நின்று பார்க்க, ஐந்து தரைகளும் பனிக்கட்டியோடு கிளம்பின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிளந்து, வளைவில் திரும்பி மறைந்தன. மிச்சில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். கவ்ரில் அது முடியும்வரை இருக்கவில்லை. மேல் ஊர்க்காரன் அன்று காலைதான் மீதிப் பணத்தை அனுப்பியிருந்தான்.

மாயிஸ் காலித் தொழுவத்தின் வாசலில் பழைய வைக்கோலை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாரியைச் சாய்த்து வைத்தாள்.

"உள்ள வா. தேத்தண்ணி இருக்கு."

"முதல்ல இதை முடிச்சுடறேன்க்கா."

அவள் அவன் வீடு இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே இப்போது தொழுவத்து வாசலிலிருந்தே ஆறுவரை வெறுமையாகத் தெரிந்தது.

"நான் இதைக் கேக்கல, கவ்ரில்."

"கேக்கலைதான்."

"போன வருஷ விலை இல்ல தம்பி இப்ப. வசந்தத்துல குதிரை விலை ஏறிப்போச்சு. நேத்து விசாரிச்சேன். இந்தப் பணத்துக்கு நாலு குதிரைதான் வரும்."

கவ்ரில் கையிலிருந்த உறையைப் பார்த்தான்.

"மத்த ரெண்டுக்கும் நான்…"

"பேசாதே. நாலு போதும். நாலுன்னா நான் இங்கயே இருந்துக்குவேன். எண்ணு. ஆரம்பத்துலயே எண்ணி வைக்கச் சொன்னேன்."

அவள் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். காய்ப்பேறிய, வைக்கோல் தூசு ஒட்டிய உள்ளங்கை. கவ்ரில் உறையைப் பிரித்தான். தோல் இன்னும் சரியாக ஆறாத விரல்களால் ஐயாயிரம் ஐயாயிரமாக எடுத்து, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி, அந்தக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒருதரம் குரல் தடுக்கி எண் விட்டுப்போயிற்று. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். அவன் முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசி நோட்டுவரைக்கும் எண்ணி வைத்தான்.